முத்துக்கரையின் முதல் குடிகள்

நுழையும்முன்

வரலாறு நூல்களில் மட்டும் எழுதப்படுவதில்லை. ஆற்றங்கரையிலும் வயல்வெளியிலும் கடலடியிலும் அது எழுதப்பட்டிருக்கிறது. ஓர் இடத்தில் முதன்முதலில் குடியமர்ந்தோர் யாவர், அவர்கள் எதை உண்டனர், எதனைக் கொண்டு தொழில் செய்தனர், இறந்தவர்களை எங்ஙனம் போற்றினர் என்பனவற்றை அவர்கள் வாழ்ந்த மண்ணிலேயே நின்று அறிவது தனிப்பட்ட அனுபவம். தூத்துக்குடி மாவட்டத்தில் பொருநை ஆற்றங்கரை தொடங்கி முத்துக்குளித்துறை வரை ஒரு குடும்பம் மேற்கொண்ட ஒருநாள் பயணத்தின் வழியே அவ்வனுபவத்தை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

நடந்து பார்க்கும் வரலாறு

அருங்காட்சியகம் என்றவுடன் கண்ணாடிப் பேழைகளும் அவற்றுள் வைக்கப்பட்ட பழம்பொருள்களும் நம் நினைவுக்கு வரும். பொருள்கள் தாம் கிடைத்த இடத்தை விட்டு நெடுந்தொலைவு கடந்து அங்கு வந்து சேர்ந்திருக்கும். காண்போர் பொருளைப் பார்ப்பர். அது பிறந்த மண்ணைப் பார்ப்பதில்லை. இக்குறையைப் போக்க எழுந்தவையே திறந்தவெளி அருங்காட்சியகங்களும் வாழும் வரலாற்று அருங்காட்சியகங்களும் ஆகும்.

சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் ஆர்தர் ஹாசேலியஸ் என்பவர் 1891இல் 'ஸ்கான்சன்' என்னும் திறந்தவெளி அருங்காட்சியகத்தை நிறுவினார். நாட்டின் பல பகுதிகளிலிருந்த பழைய வீடுகள் அங்குக் கொண்டுவந்து நிறுத்தப்பட்டன. அவ்வீடுகளில் பழங்கால உடையணிந்தோர் அக்காலத் தொழில்களைச் செய்து காட்டுகின்றனர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், 1620இல் கப்பலேறி வந்த ஆங்கிலேயக் குடியேறிகளின் ஊர் மீண்டும் உருவாக்கப்பட்டுள்ளது. அவர்கள் வருமுன்பே அந்நிலத்தில் வாழ்ந்த வாம்பனோக் மக்களின் குடியிருப்பும் அங்கே இடம்பெற்றிருக்கிறது. குடியேறியவர்களின் கதையை மட்டும் சொல்வது பாதி வரலாறே என்பதை அது உணர்த்துகிறது. நம் மாநிலத்தில் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா, தென்மாநிலங்களின் மரபு வீடுகளையும் கைத்தொழில்களையும் காட்சிப்படுத்துகிறது.

இவற்றில் வீடுகள் காட்சிக்காக இடம்பெயர்ந்தன. அல்லது புதிதாக எழுப்பப்பட்டன. தூத்துக்குடி மாவட்டத்திலோ வரலாறு இடம்பெயராமல் தான் கிடந்த இடத்திலேயே காட்சிதருகிறது.

தாழிக்காட்டை நோக்கி

தூத்துக்குடிக் கடற்கரைத் தெரு ஒன்றிலிருந்து ஒரு விடுமுறை நாளின் காலையில் ஒரு குடும்பம் புறப்பட்டது. பதினொன்றாம் வகுப்பு பயிலும் மாணவி, ஆறாம் வகுப்பு பயிலும் அவள் தம்பி, அவர்களின் தாய், எழுபது வயதைக் கடந்த தாத்தா ஆகியோர் அதில் இருந்தனர். தாத்தா இளமையில் சங்கு குளித்தவர். அவருடைய தந்தை முத்துக்குளித்தவர். பள்ளியில் கொடுக்கப்பட்ட செயல்திட்டத்திற்காக ஆதிச்சநல்லூர் செல்லவேண்டும் என்று மாணவி கேட்டபோது, "செத்தவங்களைப் புதைச்ச காட்டுல போய்ப் பார்க்க என்ன இருக்கு தாயி?" என்று தாத்தா தயங்கினார். பேத்தியின் விருப்பத்திற்காகவே அவர் உடன்வந்தார்.

திருவைகுண்டம் வட்டத்தில், தாமிரபரணியின் தென்கரையில், திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையை ஒட்டி அமைந்துள்ளது ஆதிச்சநல்லூர். ஊரையொட்டி மேடாகக் கிடக்கும் செம்மண் நிலத்தை மக்கள் 'பரம்பு' என்பர். நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட அப்பரப்பு முழுவதும் முதுமக்கள் தாழிகள் புதைந்து கிடக்கின்றன. ஆற்றுநீர் பாயும் நிலம் உழவுக்கு. நீரேறாத மேட்டுநிலம் இறந்தோருக்கு என அந்நாளைய மக்கள் நிலத்தைப் பகுத்துப் பயன்படுத்தினர். உணவு தரும் மண்ணை வீணாக்காத அவர்களின் திட்டமிடலை இவ்வமைப்பே காட்டிவிடுகிறது.

மண்ணிலிருந்து போனவை

1876ஆம் ஆண்டு செர்மனி நாட்டைச் சேர்ந்த ஜாகோர் என்னும் அறிஞர் இங்கு அகழ்ந்தார். கிடைத்த பொருள்கள் பெர்லின் அருங்காட்சியகத்திற்குச் சென்றன. பின்னர், 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழாய்வு நிகழ்த்தினார். ஆயிரக்கணக்கான பொருள்கள் வெளிப்பட்டன. இரும்பாலான வாள்களும் ஈட்டி முனைகளும், வெண்கலக் கலங்களும், எருமை, மான், பறவை முதலிய உருவங்கள் பொருத்தப்பட்ட மூடிகளும், மெல்லிய பொன் தகட்டாலான நெற்றிப்பட்டங்களும் அவற்றுள் அடங்கும். அப்பொருள்களின் விளக்கப் பட்டியலை ரீ 1915இல் வெளியிட்டார். அவை சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

அதன்பின் நூறு ஆண்டுக்காலம் பரம்பு பெரிதும் அமைதியாகவே கிடந்தது. 2004, 2005ஆம் ஆண்டுகளில் இந்தியத் தொல்லியல் துறை தி.சத்தியமூர்த்தி தலைமையில் மீண்டும் அகழ்ந்து, நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தாழிகளை வெளிக்கொணர்ந்தது. அங்குக் கிடைத்த இரு மாதிரிகளின் காலம் முறையே பொ.ஆ.மு. 905, பொ.ஆ.மு. 696 என்பது 2019ஆம் ஆண்டில்தான் தெரியவந்தது. மண்ணைத் தோண்டுவதோடு அகழாய்வு முடிவதில்லை. கிடைத்ததை ஆராய்ந்து, முடிவை மக்கள் முன் வைக்கும்போதே அது நிறைவுறுகிறது என்னும் பாடத்தையும் ஆதிச்சநல்லூர் தருகிறது.

> தெரிந்து தெளிவோம்
> முதுமக்கள் தாழி: இறந்தோரின் உடலையோ எலும்புகளையோ இட்டுப் புதைக்கும் பெரிய மட்கலம். 'ஈமத்தாழி' எனவும் வழங்கும். இறந்தவர் பயன்படுத்திய கருவிகள், அணிகள், தானியங்கள் ஆகியவற்றையும் உடன்வைத்துப் புதைப்பது பண்டைய வழக்கம். தாழியில் கவிக்கும் வழக்கத்தைச் சங்கப் பாடல்களும் குறிப்பிடுகின்றன.

கண்ணாடித் தளத்தின் மேல்

இந்திய அரசின் 2020ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில், சிறப்புமிக்க தொல்லியல் தலங்களாக மேம்படுத்தப்படும் ஐந்து இடங்களுள் ஒன்றாக ஆதிச்சநல்லூர் அறிவிக்கப்பட்டது. மீண்டும் அகழாய்வுகள் நடைபெற்றன. 2023 ஆகஸ்டு 5ஆம் நாள் அகழ்விடத்திலேயே அமைந்த காட்சிக்கூடம் திறந்துவைக்கப்பட்டது. தோண்டிய குழிகள் மூடப்படவில்லை, தாழிகள் பெயர்த்தெடுக்கப்படவில்லை. அவற்றின் மேல் கண்ணாடித் தளம் அமைக்கப்பட்டது.

சிறுவன் முதலில் அத்தளத்தில் கால்வைக்க அஞ்சினான். காலுக்குக் கீழே ஆழத்தில் தாழிகள் சாய்ந்தும் நிமிர்ந்தும் கிடந்தன. சில முழுமையாக இருந்தன. சில மண்ணின் எடை தாங்காமல் பிளந்திருந்தன. "இவங்க பேர் என்ன தாத்தா?" என்று அவன் கேட்டான். தாத்தாவால் விடைகூற இயலவில்லை. எவராலும் இயலாது. தாழிகளில் துயில்வோரின் பெயர்களை எந்த ஏடும் பதியவில்லை. எனினும் பெயரறியாத அம்மனிதரின் அருகே கலங்களை வைத்து அனுப்பியவர்கள் அவரை நேசித்தவர்கள் என்பதை அறியப் பெயர் தேவைப்படவில்லை.

தாத்தா கண்ணாடியின் விளிம்பில் நெடுநேரம் நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் தளத்தின் மேல் நடந்தார். அவ்வாறு செய்யும்படி எவரும் கூறவில்லை. காலையில் தயங்கியவர் அவரே என்பதை மாணவி எண்ணிப்பார்த்தாள்.

நெல்லும் இரும்பும் கூறும் காலம்

ஆதிச்சநல்லூரைப் போன்றே தாழிகள் நிறைந்த மற்றோர் ஊர் இதே மாவட்டத்தின் சிவகளை. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அங்கு நடத்திய அகழாய்வில் ஒரு தாழியினுள் நெல்மணிகளின் உமி கிடைத்தது. கரிமக் காலக் கணிப்பு அதனைப் பொ.ஆ.மு. 1155ஆம் ஆண்டினது எனக் காட்டியது. பொருநைக் கரையின் நாகரிகம் 3200 ஆண்டு பழமையுடையது என்னும் செய்தி 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது.

2025 சனவரியில் வெளியிடப்பட்ட 'இரும்பின் தொன்மை' ஆய்வறிக்கை இதனினும் பழைய காலத்தைச் சுட்டியது. சிவகளையில் இரும்புப் பொருள்களோடு கிடைத்த மாதிரிகளுள் ஒன்றின் காலம் பொ.ஆ.மு. 3345 எனக் கணிக்கப்பட்டுள்ளது. இம்முடிவை அறிஞர்கள் தொடர்ந்து ஆராய்ந்து விவாதித்துவருகின்றனர். பழமையைப் பெருமையாக மட்டும் கொள்ளாமல், சான்றுகளைச் சோதித்து ஏற்பதே ஆய்வு நெறியாகும்.

கடல் விலகிய துறைமுகம்

பிற்பகலில் குடும்பம் கொற்கைக்குச் சென்றது. பாண்டியரின் துறைமுகமாகவும் முத்துக்குப் பெயர்பெற்ற பட்டினமாகவும் சங்க இலக்கியங்கள் போற்றும் கொற்கை இன்று வயல்களும் வாழைத் தோட்டங்களும் சூழ்ந்த சிற்றூர். அலையோசை கேட்கவில்லை. "கடல் எங்கே?" என்று சிறுவன் நாற்புறமும் தேடினான். கடல் இன்று கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பொருநை ஆண்டாண்டாகக் கொண்டுவந்து சேர்த்த வண்டல் கழிமுகத்தைத் தூர்த்துக் கடலைத் தள்ளிவைத்துவிட்டது.

பொது ஆண்டின் முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'எரித்திரேயக் கடல் வழிகாட்டி' கொற்கையைக் 'கொல்கி' எனக் குறிப்பிடுகிறது. அங்குத் தண்டனை பெற்ற கைதிகளைக்கொண்டு முத்துக்குளிக்கப்பட்டதாகவும் கூறுகிறது. ஆண்டுதோறும் பத்துக்கோடி செஸ்டர்ஸ் நாணயம் இந்தியா, சீனா, அரேபியா ஆகியவற்றுக்குச் சென்றுவிடுவதாக உரோமானிய அறிஞர் பிளினி வருந்தினார். முத்தும் அவ்வணிகத்தின் பொருள்களுள் ஒன்று. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1968–69இல் கொற்கையில் நிகழ்த்திய அகழாய்வில் செங்கற் கட்டடப் பகுதிகளும் உறைகிணறுகளும் தமிழ் எழுத்துப் பொறித்த பானையோடுகளும் வெளிப்பட்டன. அங்குக் கிடைத்த மாதிரி ஒன்றின் காலம் பொ.ஆ.மு. 785 எனக் கணிக்கப்பட்டது. அருகிலுள்ள ஊரின் பெயர் அக்கசாலை. நாணயம் அடிக்கும் இடத்தைக் குறிக்கும் சொல் அது. கட்டடம் அழிந்த பின்னும் ஊர்ப்பெயர் நாணயச்சாலையின் நினைவைத் தாங்கி நிற்கிறது.

துறைமுகம் தூர்ந்தது, மக்கள் தொழிலைக் கைவிடவில்லை. கடல் சென்ற திசையில் அவர்களும் சென்றனர். கொற்கைக்குப் பின் காயல் எழுந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, மேற்கு நாடுகளிலிருந்து குதிரைகளோடு கப்பல்கள் காயலுக்கு வந்ததைப் பதிவுசெய்தார். அதுவும் தூர்ந்து பழையகாயல் ஆயிற்று. ஆற்றின் முகத்தில் புன்னைக்காயல் வளர்ந்தது. கொற்கையும் காயலும் இருந்த இடங்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆராய்ந்து சுட்டியவர் இராபர்ட் கால்டுவெல். போர்ச்சுக்கீசியரும், 1658இல் டச்சுக்காரரும், பின்னர் ஆங்கிலேயரும் வந்த காலங்களில் தூத்துக்குடி இக்கரையின் தலைமை இடமாயிற்று. வ.உ.சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் இங்கிருந்துதான் புறப்பட்டது. 1974இல் இந்தியாவின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாகத் தூத்துக்குடி அறிவிக்கப்பட்டது. இன்றைய சரக்குப் பெட்டக முனையத்தின் முன்வரலாறு, நெல் விளையும் கொற்கையின் வயலில் தொடங்குகிறது.

வயல்வரப்பில் நடந்தபோது சிறுவன் குனிந்து எதையோ எடுத்தான். மண்படிந்த செந்நிறப் பானையோடு ஒன்று அவன் கையில் இருந்தது. "வீட்டுக்குக் கொண்டுபோகலாம்" என்றான். மாணவி தம்பியின் கையைப் பற்றினாள். "பெர்லினுக்குப் போனதைப் பற்றிக் காலையில் படிச்சோமே. நீ எடுத்துட்டுப் போனா இது தூத்துக்குடியில ஓர் அலமாரியில கிடக்கிற வெறும் ஓடு. இங்கே கிடந்தா இது கொற்கை" என்றாள். சிறுவன் சற்று நேரம் ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பின்னர் எடுத்த இடத்திலேயே வைத்தான்.

கல்லும் கயிறும்

மாலையில் தூத்துக்குடிக் கடற்கரையில் அவர்கள் அமர்ந்தனர். காலைமுதல் கேட்பவராக இருந்த தாத்தா அப்போது சொல்பவரானார்.

மன்னார் வளைகுடாவின் அடியில் பாறைத் திட்டுகள் உள்ளன. அவற்றைக் கடலோர மக்கள் 'பார்' என்பர். முத்துச்சிப்பிகள் பார்களில் ஒட்டி வாழும். கடல் அமைதியாக இருக்கும் பங்குனி, சித்திரைத் திங்கள்களே முத்துக்குளிக்கும் பருவம். குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லின்மேல் காலூன்றி, மூக்கைப் பொத்திக்கொண்டு நீருள் இறங்குவார். கல் அவரைக் கடலடிக்கு இழுத்துச் செல்லும். சிப்பிகளைக் கைவிரைவாகப் பறித்து வலைப்பையில் இடுவார். ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் கயிற்றை அசைத்துக் குறிப்புக் காட்டுவார். தோணியில் இருப்பவர் அவரை மேலே இழுப்பார். ஒருநாளில் பலமுறை இது நிகழும். நீரின் அழுத்தத்தால் காதும் மூச்சும் கெடும். சுறாவின் அச்சமும் உண்டு. சுறாவின் வாயைக் கட்டுவதாகக் கூறிய மந்திரக்காரர்களுக்குச் சிப்பியில் இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதை மார்க்கோ போலோ எழுதியுள்ளார்.

"கயிறு பிடிக்கிறவர் பெரும்பாலும் மச்சானாத்தான் இருப்பார்" என்றார் தாத்தா. கீழே இறங்கியவனுடைய மனைவியின் உடன்பிறந்தவன் அவன். கயிற்றை நழுவவிட்டால் தன் சகோதரியின் வாழ்வே நழுவும் என்பது அவனுக்குத் தெரியும். உறவையே பாதுகாப்பாக்கிய இவ்வழக்கு முத்துக்குளித்துறை ஊர்களில் இன்றும் பேசப்படுகிறது.

கரைசேர்ந்த சிப்பிகள் பங்கிடப்பட்டன. ஆங்கிலேயர் காலத்தில் மூன்றில் இரண்டு பங்கை அரசு எடுத்துக்கொண்டது. உயிரைப் பணயம் வைத்தவர்களுக்கு எஞ்சியது மூன்றில் ஒரு பங்கு. அதிலும் எல்லாச் சிப்பிகளிலும் முத்து இருப்பதில்லை. உட்புகுந்த நுண்பொருளைச் சுற்றிச் சிப்பி தன் சுரப்பை அடுக்கடுக்காகப் பூசுவதால் உருவாவது முத்து. பல சிப்பிகளைத் திறந்த பின்னரே நல்முத்து ஒன்று கிட்டும்.

தாத்தாவின் தந்தை கடைசியாக முத்துக்குளித்தது 1961இல். 1955 முதல் அவ்வாண்டு வரை தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்தது. அதன்பின் பார்களில் சிப்பிவளம் குன்றியதால் அது நின்றுபோயிற்று. 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலைய அறிவியலாளர்கள் சிப்பியினுள் கருவைப் பொருத்தி முத்தை வளர்ப்பதில் வெற்றிபெற்றனர். மன்னார் வளைகுடாவின் தீவுகளும் பவளத்திட்டுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. கடல் தன் வளத்தை மீட்க இடமளிப்பதும் கடலோரக் குடிகளின் வாழ்வைக் காப்பதும் ஒருங்கே நிகழவேண்டிய கடமைகள்.

"அப்பா பிடிச்ச கல் இருக்கா தாத்தா?" என்று மாணவியின் தாய் கேட்க நினைத்ததை மாணவியே கேட்டாள்.

"அதுக்கென்ன மதிப்புன்னு அப்ப யாருக்குத் தெரியும்? வீடு கட்டும்போது அடித்தளத்துல போட்டுட்டாங்க" என்று கூறித் தாத்தா சிரித்தார். சிரிப்பு நெடுநேரம் நீடிக்கவில்லை.

கேட்டு எழுதவேண்டியவை

மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட தாழி கண்ணாடிக்குக் கீழே பாதுகாப்பாக உள்ளது. அறுபது ஆண்டுகளுக்கு முன் கடலில் இறங்கிய கல்லோ சுவருக்கு அடியில் மறைந்துவிட்டது. மண் தன்னிடம் ஒப்படைக்கப்பட்டதைக் காத்துவைத்தது. மனிதர்களின் நினைவோ ஒரு தலைமுறைக்குள் கரைந்துவிடுகிறது. பார்களின் பெயர்கள், காற்றின் போக்கு, நீரோட்டத்தின் குறிப்பு, கயிற்றின் அசைவில் பேசும் மொழி ஆகியவற்றை அறிந்தோர் நாளும் குறைந்துவருகின்றனர். அவ்வறிவைத் தோண்டி எடுக்க எந்த அகழாய்வாலும் இயலாது. அறிந்தவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்தல் ஒன்றே வழி.

அன்றிரவு மாணவி தன் செயல்திட்டக் குறிப்பேட்டைத் திறந்தாள். ஆதிச்சநல்லூர் குறித்த செய்திகளைப் பிற்பகுதிக்கு ஒதுக்கினாள். முதற்பக்கத்தில் தாத்தா பெயரையும், அதன்கீழ் அவருடைய தந்தையின் பெயரையும் எழுதினாள். பின்னர் தாத்தாவின் அருகில் சென்று அமர்ந்து, அவருக்குத் தெரிந்த பார்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லும்படி கேட்டாள். தாத்தா கண்களை மூடிக்கொண்டு, தோணி செல்லும் வரிசையிலேயே சொல்லத் தொடங்கினார்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பகுதியில் மறைந்துவரும் தொழில் ஒன்றை அறிந்த முதியவரிடம் நேர்காணல் நிகழ்த்தி, அத்தொழிலுக்குரிய கலைச்சொற்களைத் தொகுக்க.

2. உங்கள் ஊரின் பெயரும் அருகிலுள்ள ஊர்களின் பெயர்களும் உணர்த்தும் வரலாற்றுச் செய்திகளைக் கேட்டறிந்து வகுப்பறையில் உரையாற்றுக.

3. 'தொல்பொருள்கள் கிடைத்த இடத்திலேயே காட்சிப்படுத்தப்பட வேண்டும்', 'பாதுகாப்பு வசதியுள்ள நகரங்களில் வைக்கப்பட வேண்டும்' ஆகிய இரு கருத்துகளை முன்வைத்து வகுப்பில் கலந்துரையாடுக.

4. கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல், தூத்துக்குடி ஆகிய இடங்களை நிலப்படத்தில் குறித்து, துறைமுகம் இடம்பெயர்ந்த வரலாற்றை ஒரு பக்க அளவில் எழுதுக.